நெருப்புக்காய்ச்சல் பற்றி ஒரு மணிநேரம்

டாக்டர் நாகேந்திரத்தின் நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு) விரிவுரையில் தூங்கிப்போன எவருக்கும் அந்தக் காய்ச்சல் ஆயுளில் வந்ததில்லை. இது 1937 ஆவணியில் தெரியவந்தது. கிருமிகளைப் பற்றியும் அவற்றை உடம்பு எதிர்க்கும் விதம் பற்றியும் மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்க, வெள்ளவத்தையிலிருந்து தினமும் ரயிலேறி மருதானைக்கு வந்துபோன நாகேந்திரம், தாம் ஒரு பெரிய பேச்சாளர் என்று நம்பியிருந்தார். கோட்டுப் பையில் சீப்பு வைத்திருந்தார். விரிவுரையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: உடம்பு என்பது, ஒருமுறை வந்த கள்ளனின் முகத்தை மறக்காத வீட்டுக்காரி. ஏழு வருடமாகச் செதுக்கிய வரி அது. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கென்று சற்று நிறுத்துவார். அந்த அமைதியில் குறட்டைகள் தெளிவாகக் கேட்கும்.

அந்த வருடம் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் தூங்கினார்கள். மாளிகாவத்தை அலவி மட்டும் தொடையில் குண்டூசியால் குத்திக்குத்திக் கடைசிச் சொல் வரை எழுதியெடுத்தார். மறுநாள் நாற்பது பேரும் ஸ்டேஷன் வாசலில் ஒரே வாளிச் சர்பத்தைக் குடித்தார்கள். காய்ச்சல் அலவிக்கு மட்டும் வந்தது. மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தால், ஊசி போட்டவர்களைவிட இரண்டு மடங்கு எதிர்ப்புச் சக்தி. துறைத்தலைவரான ஸ்கொட்லாந்துக்காரர் கணக்கை இருமுறை சரிபார்த்து, 'மருந்து: விரிவுரை. அளவு: ஒரு மணிநேரம். பக்கவிளைவு: கழுத்து வலி' என்று அறிக்கை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த அலவியை நாகேந்திரம் பார்க்கப் போனார். தம்மை முழுதாகக் கேட்ட ஒரே மனிதன் அல்லவா?

"அடுத்த முறை நானும் நித்திரையாகுறேன் சேர்," என்றார் அலவி, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

வீட்டில் மனைவி அன்னபாக்கியம் ஆச்சரியப்படவே இல்லை. "கலியாணம் கட்டின நாள் துடக்கம் உங்கட கதையைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். எனக்கு ஒரு தடிமன், ஒரு தும்மல் வந்திருக்கோ?" நாகேந்திரம் யோசித்துப் பார்த்தார். பதினைந்து வருடம். வந்ததில்லை.

பிறகு நகரசபை விடவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பிடித்து மாதம் ஒருமுறை அவரைப் பேச வைத்தார்கள். சனம் பாயும் தலையணையுமாய் வந்தது. சீனியம்மா என்ற தாய் ஐந்து பிள்ளைகளை வரிசையாகக் கிடத்திவிட்டு, "கெதியாத் தொடங்குங்க டாக்டர், வீட்டுல அடுப்பு எரியுது," என்றாள். ரோசம் வந்த நாகேந்திரம் ஒரு மாதம் விரிவுரைக்குள் இரண்டு பகிடிகளைச் செருகிப் பார்த்தார். முன்வரிசை சிரித்துவிட்டது. சிரித்த பதினொரு பேரையும் அடுத்த கிழமை திரும்பக் கூப்பிட்டு, பகிடியில்லாமல் வாசித்துத் தூங்கவைக்க வேண்டியதாயிற்று. மண்டபக் கதவில் 'நகைச்சுவைக்கு அனுமதியில்லை' என்று பலகை தொங்கியது. வருடங்கள் போயின. கிராண்ட்பாஸ் வரைக்கும் அந்தக் காய்ச்சல் அற்றுப்போனது. நாகேந்திரத்துக்குக் கைதட்டல் மட்டும் கிடைக்கவில்லை. கொட்டாவி கிடைத்தது.

1943 பங்குனியில், ஊருக்கெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்ன இந்த மனிதர், வெயில் தாங்காமல் மருதானை ஸ்டேஷன் வாசலில் இரண்டு கிளாஸ் சர்பத் குடித்தார். மூன்றாம் நாள், வெளியூரிலிருந்து புதிதாய் வந்திருந்த சர்பத்காரனை நெருப்புக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அலவியை விட்டால், கொழும்பில் அந்த விரிவுரையில் ஒருநாளும் தூங்காதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் அதை நடத்தியவர்.

இதற்குள் டாக்டராகிவிட்ட அலவி, விரிவுரையை எழுதியெடுத்த பழைய கொப்பியோடு அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்கு வந்தார். ஒருமுறை காய்ச்சல் வந்து பிழைத்தவர் ஆதலால் அவர் விழித்திருந்தாலும் பாதகமில்லை.

"வாசியும். ஆனால் நான் நித்திரை கொள்ளமாட்டன்," என்றார் நாகேந்திரம். "நித்திரை கொண்டால், பதின்மூன்று வருஷம் நான் செய்தது என்ன எண்டு ஆகும்?"

"என்னைத் தாலியறுக்க வைக்காம பேசாமப் படுங்கோ," என்றாள் அன்னபாக்கியம்.

சாய்மனைக் கதிரையில் விறைப்பாக உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் அலவியின் உச்சரிப்பைத் திருத்தினார். இரண்டாம் பக்கத்தில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவந்தார். உயிர் பெரிதுதான், ஆனால் அந்த நான்காம் பக்கத்து வரியை இன்னொருவர் வாயால் கேட்காமல் எப்படிக் கண்ணை மூடுவது?

கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்னபாக்கியம் அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடத்தில?" என்று கேட்டார்.

அலவி கொப்பியைப் பார்த்தார். "நாலாம் பக்கம், சேர். கள்ளன் வந்தான். வீட்டுக்காரி வரும்வரைக்கும் நீங்க முழிச்சிருக்கல்ல."

இரண்டு கிழமை கழித்து இரத்தம் சோதித்தார்கள். காய்ச்சல் இல்லை. துறைப் பதிவேட்டில் அதுவரை கண்ட எதிர்ப்புச் சக்தியிலெல்லாம் அதுவே கூடியது. நாகேந்திரம் விரிவுரைத் தாளை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையால், 'மெதுவாக, இருமுறை வாசிக்க' என்று எழுதிக்கொண்டு எட்டரை ரயிலுக்குப் போனார்.