சொந்த ஆதாயம்

இல்லை என்றுதான் சொல்வான் டன்லப், வேறென்ன சொல்லப் போகிறான், விவாகரத்து என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கூழில் ஈ கிடந்த மாதிரி முகத்தைச் சுளிக்கிறவன்... குமாஸ்தா பெயரை முழுசாக வாசித்து முடிப்பதற்குள் 'இல்லை' என்று அதட்டியே விட்டான், சர்ச் மூப்பர் அல்லவா, அந்தக் குரலுக்குச் சட்டசபையின் ஜன்னல் கண்ணாடியே ஒரு தடவை அதிர்ந்தது. லெமுவேல் யோக்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு வறுத்த சோள மணியை எடுத்து மேஜையின் இடது பக்கம் வைத்தான். வலது பக்கம் ஆம், இடது பக்கம் இல்லை. மற்ற உறுப்பினர்கள் மேஜையில் கத்தியால் கீறிக் கணக்கு வைக்கிறார்கள், இண்டியானா மாநில அரசாங்கத்து மேஜைதானே, யார் அப்பன் வீட்டுச் சொத்து... யோக்கத்துக்குத்தான் அதற்கு மனசு வராது, மாவு மில்காரன், நல்ல வால்நட் பலகையின் அருமை தெரிந்தவன். இந்த டன்லப்போடுதான் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டிருக்கிறான், எதிர்க்கட்சிக்காரன், நியாயமாகப் பார்த்தால் முகத்தில் விழிக்கக் கூடாது, ஆனால் சபை கூடுகிற காலத்தில் தலைநகர விடுதியில் தனிக் கட்டில் வேண்டுமென்றால் ஆளுநராகப் பிறந்திருக்க வேண்டும். பகலெல்லாம் வங்கியைப் பற்றியும் கால்வாயைப் பற்றியும் எதிரும் புதிருமாக நின்றுவிட்டு ராத்திரி ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு தூங்குவது, இதற்குப் பெயர்தான் மக்களாட்சி போலிருக்கிறது. இன்னும் எத்தனை பெயர்கள்... எழுத்து வரிசையில் யோக்கம்தான் கடைசி, பள்ளிக்கூடத்தில் கடைசி, ஞானஸ்நானத்தில் கடைசி, இங்கேயும் கடைசி, கடவுளே, இன்றைக்காவது என்னை ஆடம்ஸ் என்று பிறப்பித்திருக்கக் கூடாதா?

ஆம், என்றான் யாரோ ஒருவன். வலது பக்கம் ஒரு மணி. இல்லை, என்றான் அடுத்தவன். கெசியா பர்டெட் என்பவளை அவளுடைய கணவன் ஹாரஸ் பர்டெட்டிடமிருந்து விடுவிக்கும் மசோதா, அவ்வளவுதான் அதன் பெயர், பாலம் கட்டும் மசோதாவுக்கும் சாலை மசோதாவுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தார்கள், மேலவை முன்பே சரி என்றுவிட்டது, இந்தச் சபையும் சரி என்றால் ஆளுநர் கையெழுத்துப் போடுவார், கெசியா அந்த நிமிஷத்திலிருந்து யாருக்கும் பெண்டாட்டி இல்லை. ஹாரஸ் பர்டெட், அடேயப்பா என்ன மீசை, தெப்பத்தில் உப்புப் பன்றிக் கறியை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனவன், சோளம் முற்றுவதற்குள் காப்பிக்கொட்டையோடு வருகிறேன் என்றானாம், எத்தனை சோளம் முற்றிவிட்டது அதற்குப் பிறகு... வழியில் நாட்செஸ் ஊரில் தொப்பிக் கடை வைத்திருக்கிற ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டு அவள் அழுதாளா? அழுதிருந்தால் யோக்கத்துக்குத் தெரியாது. அடுத்த வாரம் மில்லுக்கு மூட்டையோடு வந்தாள், கழுதையை அவளே கட்டினாள், அவன் இறக்கி வைக்க ஓடுவதற்குள் மூட்டையை அவளே இறக்கினாள், கையைத் தட்டிக்கொண்டு, ஏதோ ஆணி கிடைக்குமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "யோக்கம், உங்க சபையில ஒருத்தியப் பொண்டாட்டி இல்லாம ஆக்கிருவாங்களாமே, நெசமா?" கையிலிருந்த மாவு மரக்கால் நழுவி, காலெல்லாம் வெள்ளை, தாடியெல்லாம் வெள்ளை, நல்லவேளை, சிவந்த முகம் மாவுக்குள்ளே மறைந்தது.

பசுவைப் பற்றித்தான் சொன்னாள் அன்றைக்கு, வேறொன்றும் சொல்லவில்லை, யோசித்து யோசித்துப் பார்க்கிறான், பசுவைத் தவிர ஒரு வார்த்தை... "நான் நெய்து சம்பாதிச்சு நான் வாங்கின பசு, பத்திரம் அவன் பேருல. நாளைக்கு அவன் வந்து ஓட்டிக்கிட்டுப் போனா, ஷெரீஃபே கயித்த எடுத்துக் கையில குடுப்பாரு." சட்டம் அப்படித்தான், கட்டியவன் எங்கே கிடந்தாலும் பெண்டாட்டியின் ஊசிகூட அவனுடையது. சரி, நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான் யோக்கம், இந்தச் சபைக்கு வந்து அவன் கொண்டுவந்த ஒரே மசோதா, பாலம் கேட்கச் சொன்ன ஊர்க்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் மூட்டையை அரைக்கும்போது மட்டும் கூலியாக மில்காரன் பங்கை எடுத்து வைக்கக் கை மறந்துபோகும், பல வருஷமாக மறந்துபோகிற கை, ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டாள், உங்க பங்க எடுங்க, எனக்குப் பிச்சை வேண்டாம் என்று சொல்லி மாவைத் தானே அள்ளி அவன் பெட்டியில் கொட்டிவிட்டுப் போனாள். என்ன பெண்ணடா இவள், என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சிரித்துக்கொண்டே படுத்திருந்தான், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே. நாற்பதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் வரலாமா? வந்துவிட்டதே, வந்த பிறகு வரலாமா என்று கேட்டு என்ன செய்ய?

இல்லை. ஆம். ஆம். மணிகள் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகின்றன, யோசனையில் வலது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டான், ஐயோ, ஆம் ஒன்றைத் தின்றுவிட்டோமே, அவசரமாகப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தான். ஒன்றைத்தானா தின்றோம்? அடுப்பின் சூடு ஒரு பக்கம், புகையிலை நெடி ஒரு பக்கம், வயிற்றுக்குள் வேறு ஏதோ ஒன்று, பயம் என்று சொல்ல முடியாது, திருவிழாவுக்குப் புறப்படுகிற காலையில் பிள்ளைகளுக்கு வருமே, அது. ஆனால் அந்த விதி இருக்கிறதே, எந்தப் பாவி எழுதினானோ, சொந்த ஆதாயம் உள்ள விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது என்று... யார் மதிக்கிறார்கள் அதை? தன் வயலுக்கு நடுவே சாலை போகிற மசோதாவுக்குக் கண்ணைச் சிமிட்டாமல் ஆம் சொன்னவர்கள் இதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு இமை துடித்ததா? இல்லை. தவிர, ஆதாயம் என்றால் என்ன? அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது, அவள் சரி என்று சொன்னதும் கிடையாது, கையில் இல்லாத பொருளில் எங்கிருந்து ஆதாயம்? ஆகவே ஓட்டுப் போடலாம். போடலாமா? போட்டால் என்ன அர்த்தம்? அவள் எனக்கு இல்லை, ஒருநாளும் ஆகப் போவதில்லை, அதனால் எனக்கு இதில் ஒன்றுமில்லை என்று சபை நடுவே எழுந்து நின்று சத்தியம் பண்ணுவதாக அல்லவா ஆகிறது. போடாவிட்டாலோ, அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நானே முடிவு செய்த மாதிரி, திமிர் பிடித்தவன்... நல்ல வம்பு, கெசியா, உன் பசுவைக் காப்பாற்றப் போய் எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் பார்.

எழுத்து வரிசை கடைசிக்கு வந்துவிட்டது, வாட்கின்ஸ் என்ற கிழவர் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, எதற்கு ஓட்டு என்று பக்கத்தில் விசாரித்து, ஆம் என்றார். யோக்கம் குனிந்து பார்த்தான், இரண்டு வரிசையும் ஒரே நீளம். தின்றதை இரண்டு தடவை சரிசெய்துவிட்டோமோ? இல்லை, கத்தியால் கீறினவர்களும் தலையைத் தூக்கி அவனையே பார்க்கிறார்கள், குமாஸ்தா சபாநாயகரின் காதில் ஏதோ சொல்கிறார், சபாநாயகரும் பார்க்கிறார். சமம். சமமென்றால் மசோதா விழுந்தது என்று அர்த்தம், பசு பர்டெட்டுடையது, ஊசி பர்டெட்டுடையது, அவளும்... ஒரே ஒரு ஆம் போதும், வாயைத் திறந்தால் போதும், இந்தச் சபையில் வாயே திறக்காதவன் என்று பெயரெடுத்தவன் இன்றைக்கு ஒரு சொல் சொன்னால் போதும். யோக்கம், என்று கூப்பிட்டார் குமாஸ்தா. எழுந்தான், முழங்கால் மேஜையில் இடித்து மணியெல்லாம் சிதறியது, ஆம்களும் இல்லைகளும் ஒன்றாக உருண்டு போயின. மூப்பர் டன்லப் இரண்டு வரிசை முன்னாலிருந்து முழு உடம்பையும் திருப்பி அவனையே முறைத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடு, ஆம் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியும்... எனக்குத் தெரியுமே. அவளுக்கும் ஒருநாள் தெரியுமே, மாவை அள்ளித் திரும்பக் கொட்டின அதே கை.

"சபாநாயகர் அவர்களே," என்று அவன் குரல் எங்கிருந்தோ வந்தது, "இதுல எனக்குச் சொந்த ஆதாயம் இருக்கு. ஓட்டுலருந்து என்னை விட்டுருங்க."

சபாநாயகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன ஆதாயம்? அந்தம்மா நிலத்துல உங்களுக்குப் பங்கு இருக்கா?"

"நிலமில்லைங்க. அந்தம்மாதான்." உருண்டோடிய ஒரு மணியைக் கையால் பிடித்தான். "ஆதாயம்னும் சொல்லிற முடியாது. ஆசைதான். அவங்களுக்கே இன்னும் தெரியாது."

அப்புறம் எங்கேயோ பின் வரிசையில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான், அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தாவிச் சபையே சிரித்தது, பார்வையாளர் மாடத்தில் பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், யோக்கம் மாவில்லாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தான், மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனால் என்ன ஆச்சரியம், வெட்கமாகவே இல்லை, பல வருஷமாக முதுகில் சுமந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி அவனும் சேர்ந்து சிரித்துவிட்டான். மசோதா போயிற்று, அது நெஞ்சில் இடித்தது, அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவர வேண்டும், அதுவரை அவள் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டே சிரித்தான், இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் முடிகிறது? சபாநாயகர் சுத்தியலைத் தூக்கினார். அது இறங்குவதற்குள் டன்லப் எழுந்து நின்றுவிட்டான்.

முடிவு அறிவிப்பதற்குள் ஓட்டை மாற்றிக்கொள்ள உறுப்பினருக்கு உரிமை உண்டா என்று கேட்டான் டன்லப், உண்டு என்றார் சபாநாயகர். அப்படியென்றால் மாற்றிக்கொள்கிறேன், ஆம், என்றான் அதே அதட்டல் குரலில். சபை வாயைப் பிளந்தது. மூப்பருக்கு என்ன வந்தது என்று யாரோ கத்தினார்கள்.

"இந்த மனுஷன் பக்கத்துலதான் ராத்திரி படுக்கிறேன்," என்றான் டன்லப். "தூக்கத்துல கெசியா, கெசியான்னு ஒரே புலம்பல். ஏதோ குதிரை பேராக்கும்னு நெனச்சேன். இன்னிக்கி மசோதாவ வாசிச்சப்பத்தான் குதிரையில்லன்னு தெரிஞ்சுது. இவரு வாயத் தொறந்து ஆம்னு சொல்லட்டும், ராத்திரி கட்டில்லருந்து உதைச்சுத் தள்ளுறேன்னு காத்துக்கிட்டிருந்தேன்." திரும்பி யோக்கத்தைப் பார்த்தான், முகத்தில் ஈ விழுந்த சுளிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு. "சொல்லலையே ஓய். அந்த ஆம்ங்கிறத நானே சொல்லிட்டுப் போறேன். விவாகரத்து பாவம்தான். அதுக்கு நான் ஆண்டவன்கிட்ட பதில் சொல்லிக்கிறேன்."

சுத்தியல் இறங்கியது, மசோதா நிறைவேறியது, தொப்பிகள் பறந்தன, வாட்கின்ஸ் கிழவர் மறுபடி எழுந்து மறுபடி ஆம் என்றார், யார் யாரோ முதுகில் அறைந்தார்கள், கல்யாணச் சாப்பாட்டுக்கு எந்தப் பன்றியை அறுப்பாய் என்று ஒருவன், மூப்பரே வந்து கட்டி வைக்கட்டும் என்று இன்னொருவன், யோக்கம் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றான், தாடிக்குள் கண்ணீர் இறங்குவது யாருக்கும் தெரிந்திருக்காது, தெரிந்தால்தான் என்ன. மாடத்து ஓரத்தில் பத்திரிகைக்காரன் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறான்... அடக் கடவுளே, எழுதுகிறான். கூட்டத்தொடர் முடிந்து சபை கலைகிறவரை யோக்கம் இங்கிருந்து அசைய முடியாது, பத்திரிகையோ தபால் வண்டியில் முந்திப் போய்விடும், ஊரே கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டு வாசிக்கும், அவள் காதில் விழும்போது யோக்கம் பக்கத்தில் இருக்க மாட்டான், என்ன சொல்வாள்? அவள் கேட்டது பசுவை, கேட்டது தன் பேரை, எவன் கையிலும் இல்லாத ஒரு வாழ்க்கையை, அதை வாங்கிக் கொடுத்த கையோடு இன்னொருவன் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெண் கேட்டு நின்றால்... வேண்டாம் யோக்கம் என்று சொன்னாலும் சொல்வாள், அவளுக்கு வாய் இருக்கிறது. இவ்வளவு நாளும் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை அவளுக்குப் பதிலாகச் சட்டம்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அவள் என்ன நினைக்கிறாள் என்று இவனுக்குத் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் இருந்தது, இனிமேல் அவளே சொல்ல வேண்டும், அவளால் சொல்ல முடியும். அதைச் செய்து கொடுத்தது நாம்தானே, என்று நினைத்தபோது வயிற்றுக்குள் அந்தத் திருவிழாக் காலை இன்னும் பெரிதாயிற்று, பயத்தினாலா சந்தோஷத்தினாலா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.