லோர்னா திறந்த கருவிப் பெட்டி

ஹார்லன் ட்வெய்ட்டுக்கு அன்று தலைகால் புரியவில்லை. கொரியப் போர்க் காலத்துப் பயிற்சி ஜெட் ஒன்றை ஓட்டை உடைசலாக வாங்கி, பால் கறக்கும் இயந்திரம் விற்றுச் சம்பாதித்ததையெல்லாம் அதற்கே கொட்டியவர் அவர். இன்றுதான் முதல்முறையாக ஊர் பார்க்கப் பறக்கப் போகிறார். விஸ்கான்சினின் அந்தச் சின்ன விமானத்தளத்தில் ஜூலைக் கொண்டாட்டம். பான்கேக் தட்டும் கையுமாக ஊரே வேலியோரம் நின்றது. முகம் பார்த்துத் தலை சீவலாம், விமானம் அப்படி மின்னியது.

பக்கத்துக் கொட்டகை ஃபெரிஸ் டூலனிடம் செக் நாட்டு ஜெட் ஒன்று உண்டு. அவர் வாய் சும்மா இருக்காது. "பளபளன்னுதான்டா இருக்கு. பறக்குமா, இல்ல ஷோகேஸ்ல வைக்கவா?" என்று காலையிலும் சீண்டிவிட்டுத்தான் போனார். அந்த வாயை இன்று அடைத்தே தீருவதென்று ஹார்லன் கறுவிக்கொண்டிருந்தார். வயசு அறுபத்தெட்டு ஆனால் என்ன, வீம்புக்கு வயசு ஏது?

புறப்படுமுன் கருவிப் பெட்டியைச் சரிபார்ப்பது அவர் மனைவி லோர்னாவின் பொறுப்பு. பெட்டிக்குள் ஸ்பாஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் பள்ளம் வெட்டியிருந்தாள். ஒரு பள்ளம் காலியென்றால் விமானம் நகரக் கூடாது. கருவி விமானத்துக்குள் எங்காவது விழுந்து கிடந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. அன்று சின்ன ஸ்பேனரின் பள்ளம் காலியாக இருந்தது.

கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. தன் முறை போனால் இந்த வருஷம் அவ்வளவுதான் என்று ஹார்லன் கெஞ்சினார், கோபித்தார்.

"ஸ்பேனர் என் கைக்கு வராம நீ ஏணியில கால் வைக்க முடியாது," என்றாள் லோர்னா.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைத் தாண்டி ஃபெரிஸை அழைத்தார்கள். ஹார்லனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. ஏற்கெனவே தன் ஜெட்டின் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த ஃபெரிஸ், என்னடா ஆச்சு என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே அவர் முகம் வெளுத்தது.

நேற்றுச் சாயங்காலம் ஹார்லன் இறக்கைக்கு அடியில் மெருகேற்றிக் கொண்டிருந்தபோது, கேட்காமல் அந்த ஸ்பேனரை எடுத்துப் போனது ஃபெரிஸ்தான். வேலையை முடித்துத் தன் ஜெட்டின் வால் பக்க மூடியைப் பூட்டியது ஞாபகம் இருந்தது. ஸ்பேனரை வெளியே எடுத்தது ஞாபகம் இல்லை. இறங்கி, மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். வாலை அசைக்கும் கம்பியை ஒட்டிக் கிடந்தது. மேலே போய் ஒரு குலுக்கல் குலுங்கியிருந்தால் கம்பி அசையாமல் சிக்கியிருக்கும்.

அதற்குள் இருவர் முறையும் போயிருந்தது; அன்று இரண்டு ஜெட்டுமே பறக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. ஹார்லனுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. பழைய ஜெட் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும், லோர்னா தன்னிடம் மட்டும்தான் என்ற பெருமையில் அவர் நெஞ்சு விம்மியது.

சற்று நேரத்தில் ஃபெரிஸ் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தார். "இனிமே நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் ஏறுவேன், லோர்னா."

அவள் திறந்தாள். உள்ளே எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன.

"அப்ப உக்காருங்க ஃபெரிஸ்," என்றாள். "ஹார்லன், அந்த ஸ்பாஞ்ச் வெட்டுற கத்திய எடு."