அக்கா பேச வேண்டிய வசனம்

வானொலித் தொடருக்கு வசனம் எழுதுகிறவள் அவள். வீட்டில் அவளுக்குப் பேரே வசனம்தான். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நாத்தனார், கணவனின் அக்கா. தனி ஆள், இவர்களோடுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு எழுத வேண்டிய காட்சி இதுதான்: ஒரு தங்கை, தன்னோடு வாழும் அக்காவை வீட்டை விட்டுப் போகச் சொல்ல வேண்டும். மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் மனுக் குடுக்கிற மாதிரி பேசறாங்கம்மா," என்றார் தயாரிப்பாளர். "சாயங்காலம் கூப்பிடுவேன். அதுக்குள்ள சரியா வரலைன்னா தொடரை வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியதுதான். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கண் எரிந்தது.

எழுதியதை யாராவது படித்துக் காதில் விழுந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். மத்தியானத்தில் அகப்படுகிற ஆள் நாத்தனார் ஒருத்திதான். கட்டிலில் குவிந்திருந்த துணியை மடித்துக்கொண்டே நாத்தனார் நாடகத்து அக்காவின் பகுதியைப் படித்தாள்.

"'உன் மனசுல இப்படி ஒரு எண்ணம் இருக்கும்னு நான் கனவுலகூட நினைக்கலை, இந்தக் குடும்பத்துக்காக நான் எவ்வளவு...' ஏன் வசனம், இவ மூச்சே விட மாட்டாளா?"

"நீங்க படிக்கிறது ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற மாதிரி இருக்கு."

"எழுத்து அப்படி."

அந்த அலுப்பில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். வசனம் எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"படிக்க வேண்டாங்க்கா. நான் உங்களைப் போகச் சொல்றேன்னு வெச்சுக்குங்க. வாய்க்கு வர்றதைப் பேசுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் வளர்ந்துவிட்டாள், அவளுக்கு ஓர் அறை வேண்டும், அக்காவுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று அவளும் கணவனும் கொஞ்ச நாளாகக் குரலைத் தாழ்த்திப் பேசி வருகிறார்கள். சின்ன வீட்டுச் சுவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாத்தனார் ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள்.

"அந்த ரூம் ஃபேன் சத்தம் போடும். ரெண்டுல வெச்சா போடாது. பாப்பாகிட்ட சொல்லிடு."

உறையை மடித்தாள்.

"என் துணி கீழ்த்தட்டுலதான் இருக்கு. ஒரு பையில அடங்கிடும்."

கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கிழமை வேண்டாம். தம்பி வீட்டுல இருப்பான். சங்கடப்படுவான்."

பழக்கத்தில் எழுதிக்கொண்டே போன கை அங்கே நின்றது.

"அக்கா, இது நாடகத்துக்கு."

"தெரியும்மா. நானும் நாடகத்துக்குத்தான் சொல்றேன்."

'போகாதீங்க' என்று சொல்லலாம். தயாரிப்பாளர் நாலாவது தடவையும் திருப்பி அனுப்புகிற வசனம் அது.

தொலைபேசி அடித்தது. சாயங்காலம் வரை பொறுக்கவில்லை தயாரிப்பாளர்.

"எடு," என்றாள் நாத்தனார். "இப்ப எழுதினதைப் படி. நல்லாத்தான் இருந்துது."

படித்தாள்.

"இதை எங்கம்மா வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

"வீட்டுலதான் சார்."

"அனுப்புங்க. அடுத்தது அக்கா கிளம்பற காட்சி."

"கிளம்பலை சார்."

"கதைப்படி கிளம்பணும்மா. கார் போற சத்தமெல்லாம் எடுத்து வெச்சாச்சு."

"அக்கா இங்கதான் இருப்பாங்க. முடியாதுன்னா நீங்க சொன்ன ஆள்கிட்டயே தொடரைக் குடுத்துடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "காரை என்ன பண்றது?"

"யாராவது வர்ற மாதிரி வெச்சுக்கலாம்."

"என்னமோ பண்ணுங்க," என்று வைத்துவிட்டார்.

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தத் தங்கச்சியோட புருஷன் இதுக்குச் சம்மதிப்பாராமா?"

"அவருக்கும் வசனம் நான்தானே எழுதறேன்."

"கொஞ்சமா எழுது," என்றாள் நாத்தனார். "மனப்பாடம் பண்ண மாட்டான்."