இடது சக்கரத்துக்கு ஒன்பது மடங்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனை இல்லை, கேட்டு வாங்கியது. சக்கர நாற்காலிக்கு மோட்டார் பொருத்தும் பொறியாளர் ஒருத்தி தன் மடிக்கணினியில், வரைபடத்தில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டினாள். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

அவளுடைய அக்காவின் நாற்காலி ஒரு பறவையைப் போல—

அடித்துவிட்டேன். பறவையாவது மண்ணாங்கட்டியாவது.

2

அக்கா சக்கரத்தின் வளையத்தைக் கையால் தள்ளுவாள். எவ்வளவு அழுத்தம் என்பதை வளையம் அளக்கும். மோட்டார் அதை இரண்டு மடங்காக்கும்.*

ஐந்து மாதத்துக்கு முன் அக்கா பட்டறைக்கே வந்து சண்டை பிடித்தாள்.

"என்னடி வண்டி இது, இடது பக்கமே இழுக்குது? வீட்ல ஒரு கதவு பாக்கியில்லாம இடிச்சாச்சு."

"அஞ்சு நிமிஷம் குடுக்கா, சரி பண்ணிடறேன்."

பண்ணினாள். எந்தக் கை குறைவாகத் தள்ளுகிறதோ, அந்தப் பக்கத்து மோட்டார் தானாகவே கூட்டிக்கொள்ளும்படி பத்து வரி நிரல். நாற்காலி நூல் பிடித்தாற்போல் போனது. தங்கைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

* தள்ளாவிட்டால் நகராது. சும்மா உட்கார்ந்து போவது அக்காவுக்குப் பிடிக்காது.

3

[இங்கே தங்கையை அலட்சியக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, பொய்யாகவும் ஆகிவிட்டது. அவள் தன் வேலையில் புலி. வினையே அதில்தான்.]

அது நடந்து ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, பேட்டரி மாற்ற நாற்காலியை மேடையில் ஏற்றியிருந்தாள். அக்கா பக்கத்தில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தாள். தங்கை பழைய பதிவுகளைத் திறந்தாள். வலது சக்கரம் இரண்டு மடங்கு. இடது ஒன்பது.

மோட்டார் போச்சு என்று நினைத்தாள். சோதித்தாள், நன்றாக இருந்தது. வளையத்தைத் தானே அழுத்திப் பார்த்தாள், அதுவும் சரி. மாதம் மாதமாகப் பின்னால் போனாள். ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு.

வண்டிக்கு ஒன்றுமில்லை. கை போய்க்கொண்டிருக்கிறது.

கால்களை முடக்கிய நரம்புக் கோளாறு கைக்கு ஏறினால் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். உடனே வந்தால் தடுக்கலாம் என்றும் சொன்னார். அது ஏறியது. இடது பக்கம் இழுத்துச் சொல்லவும் சொன்னது. தங்கை அதைச் சரி பண்ணிவிட்டாள்.

4

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

(அ) கட்டிப்பிடித்து அழுகிறார்கள், மருத்துவர் காப்பாற்றுகிறார். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

(ஆ) அவள் மறைத்துவிடுகிறாள், பிறகு ஒரு நாள்— வேண்டாம், என்னால் முடியாது.

நடந்தது இது. தங்கை அந்தப் பத்து வரியை அணைத்துவிட்டு அக்காவை ஏற்றி உட்காரவைத்தாள்.

"தள்ளிப் பாருக்கா."

அக்கா தள்ளினாள். நாற்காலி இடப்பக்கம் திரும்பி மேஜைக்காலில் மோதி நின்றது. அக்கா சிரித்துவிட்டாள்.

"பாத்தியா, பழைய தொல்லை! அந்த அஞ்சு நிமிஷ வேலையைச் செஞ்சு விடு, நான் கிளம்பணும்."

என்னிடம் இதைச் சொன்ன தங்கை இதோடு மடிக்கணினியை மூடிவிட்டாள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதினவரை அக்கா கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், தங்கையின் விரல் விசையின்மேல் இருக்கிறது. அடுத்த வார்த்தை உங்களுடையது. யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், ஐந்து மாதம் போய்விட்டது.