இராகு காலத்துக்குள் ஓர் இலக்கம்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டாயிரத்தோராம் ஆண்டு, வவுனியாவில் செல்வநாயகம் அண்ணையின் தட்டச்சு வகுப்பு கணினி நிலையமாக மாறிய நாள் அது. கணினிகளை வாங்கச் சொன்னவள், அங்கே தட்டச்சு படிப்பித்த நான்.

"பத்தரைக்கு இராகு காலம். அதுக்குள்ள நாலு கொம்பியூட்டரில இருந்தும் பிரின்டரில பிள்ளையார் சுழி அடிச்சு வரோணும். இல்லாட்டி சாமான் கொழும்புக்குத் திரும்பும், நீர் தட்டச்சுக்குத் திரும்புவீர்" என்று அண்ணை சொல்லியிருந்தார்.

முதல்நாள் நான் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. இன்றோ மனிதர் கிழக்குப் பார்த்த நாலு கணினிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்துச் சுபநேரத்தில் முதலில் அவற்றின் சுவிட்சைப் போட்டார். பின்னால் அடுப்பெரியும் குசினிப் பக்கம் மேற்குப் பார்த்து நின்ற, அவை நாலையும் இணைக்கும் சேர்வருக்குக் கடைசி இடம். பிரின்டர் கொழுவியிருந்ததே அதில்தான். எழும்பவே ஐந்து நிமிடம் எடுக்கிற சோம்பேறி அது.

"ஏன் பிள்ளை அடிக்குதில்லை?"

"அண்ணை, வயரில ஒண்டையொண்டு பிடிக்க விலாசம் மாதிரி ஒரு இலக்கம் வேணும். இதுகளுக்குச் சொந்தமா அது இல்லை. ஆரிட்டக் கேக்கிறதெண்டும் தெரியாது. எழும்பினவுடன, 'எனக்கு இலக்கம் தர ஆர் இருக்கிறியள்?' எண்டு வயர் முழுக்கக் கத்துங்கள். குடுக்கிறவர் சேர்வர். அவர் அப்ப நித்திரை. பதில் வராததால தாங்களே ஒவ்வொரு இலக்கத்தைப் போட்டுக்கொண்டுதுகள். அதை வச்சுச் சேர்வரைப் பிடிக்கேலாது. ஒருக்கா நிப்பாட்டிப் போட்டாச் சரி."

"சுபநேரத்தில ஏத்தினதை நிப்பாட்டுறதோ? ஒண்டிலயும் கை வைக்காதையும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பாத்துக்கொண்டிருங்கோ. கொஞ்ச நிமிசத்துக்கு ஒருக்கா அதுகளே திருப்பிக் கத்தும். சேர்வர் இப்ப முழிப்பு."

பத்து இருபத்தைந்து. தட்டச்சுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மணிக்கூட்டைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் லக்சிகாதான் தொடங்கினாள்: "ஆர் இருக்கிறியள்?" மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். "இலக்கம் தாங்கோ!" வெட்கத்தை விட்டு நானும் கத்தினேன். தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

பத்து இருபத்தெட்டுக்கு நாலுக்கும் இலக்கம் கிடைத்துப் பிரின்டர் கரகரத்தது. வரிசையில் காத்திருந்த தாள்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வந்தன. நாலிலும் பிள்ளையார் சுழி! நான் லக்சிகாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

அண்ணை தாள்களைக் கண்ணில் ஒற்றினார். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு குசினிப் பக்கம் போய்ச் சேர்வருக்குப் பெரிய பொட்டாக வைத்தார்.

"நாளையில இருந்து முதல் எழும்புறவர் இவர்" என்றவர், நிலையத்தின் கதவுத் திறப்பை என் கையில் வைத்தார். "எழுப்பிறது நீர்."