காயவைத்த படகு

ஏலக்காய் விற்ற மனுஷனுக்குப் படகு எதற்கு என்று போடி பஜாரே சிரித்தது. அய்யாத்துரை அசரவில்லை. முப்பத்தைந்து வருஷம் நடத்திய கடையை மகனிடம் ஒப்படைத்த மறுமாதமே கொச்சிக்குப் போய்ப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். லாரியில் ஏற்றி, குமுளி மலை இறக்கி, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் தன் தென்னந்தோப்பை ஒட்டிய கண்மாய்க் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கண்மாய் நிறைந்ததும் மிதக்கவிட்டு, மனைவியோடு அதிலேயே குடியிருக்கப் போகிறாராம். ஆசை யாரை விட்டது?

கிருபாவதி மறுபேச்சுப் பேசவில்லை. கரையில் நின்ற படகிலேயே குடித்தனம் தொடங்கிவிட்டது. உள்ளறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். சமையலுக்கு ஒற்றை அடுப்பு. குளிக்க வேண்டுமென்றால் ஏணியில் இறங்கித் தோப்பின் பம்புசெட் மோட்டார் ரூமுக்குப் போக வேண்டும். ராத்திரி ஒருவர் புரண்டு படுக்க மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். அவர்தான் தினமும் தலையை இடித்துக்கொண்டார்.

ரிப்பேர் வேலைகளை அவரே இழுத்துப்போட்டுச் செய்தார். பழைய பெயின்டைச் சுரண்டினார், துருப்பிடித்த ஆணிகளை மாற்றினார், கிழிந்த பாயைக் கம்பம் டவுனில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். எல்லாம் சரி, ஒன்றில்தான் புத்தி பிசகியது. ஏலக்காய்க்காரருக்கு ஈரம் ஜென்ம விரோதி; ஈரம் ஏறினால் சரக்கு போச்சு. அதனால் படகுக்கு மேலே தகரக் கூரை போட்டு, ஒரு தூறல் படாமல், ஆடிக் காற்றில் காயை உலர்த்துவதுபோல மூன்று மாதம் உலர்த்தினார்.

கொச்சியில் விற்ற வர்கீஸ், பலகையை நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்லத்தான் செய்தார். அய்யாத்துரை காதில் வாங்கவில்லை. கிருபாவதி வாங்கிக்கொண்டாள். அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் என்று எதையும் வீணாக்காமல் பலகைமேல் ஊற்றினாள். ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். தேங்காய் வெட்ட வந்தவர்கள் முன்னாலேயே வாளியைப் பிடுங்கி எறிந்தார்.

"பலக மக்கிப் போகும்டி! ஈரத்தப் பத்தி எனக்கே சொல்லித் தாரியாக்கும்?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஏணி ஏறினாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஊற்றவில்லை.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. புது வீட்டுக்கு வைப்பதுபோலப் பிரதிஷ்டை ஜெபம் வைத்து, சொந்தபந்தங்களை வேனில் வரவழைத்து, பிரியாணிக்கும் ஏற்பாடு செய்தார். போதகர் ஜெபித்து முடித்ததும் இருபது பேர் தள்ள, படகு தண்ணீரில் இறங்கியது. கைதட்டல் அடங்குவதற்குள் காய்ந்து சுருங்கிய பலகைகளின் இடுக்கெல்லாம் வாயைத் திறந்தது. உள்ளே நின்ற அய்யாத்துரைக்கு முழங்கால்வரை தண்ணீர். கிருபாவதியின் போர்வையும் அஞ்சறைப்பெட்டியும் மிதந்தன. கரையிலிருந்து பத்தடி தூரத்தில், இடுப்பளவு ஆழத்தில், படகு தரைதட்டி உட்கார்ந்துவிட்டது.

நனைந்த வேட்டியோடு கரையேறினார். தம்பி முத்துராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"எல்லாம் இவ பாத்த வேலை. தெனமும் தண்ணிய ஊத்தி ஊத்திப் பலகைய மக்க வச்சுட்டா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே நாக்கு கசந்தது. கிருபாவதி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிரியாணி அண்டா பக்கம் போய்விட்டாள்.

பந்தியில் அவள்தான் அன்றைக்குக் கேலிப்பொருள். "என்ன மதினி, செடின்னு நெனச்சுத் தண்ணி ஊத்துனீகளா?" என்றார் முத்துராஜா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தயிர்ப்பச்சடி பரிமாறினாள். அந்தச் சிரிப்பை அய்யாத்துரையால் பார்க்க முடியவில்லை. சோறு இறங்காமல் எழுந்து, தோப்புக்குள் போய் வர்கீஸுக்குப் போன் போட்டார்.

"காஞ்ச பலகை சுருங்கிப்போகும், சேட்டா. ரெண்டு மூணு நாள் அப்படியே தண்ணியில கிடக்கட்டும், ஊறித் தானா மூடிக்கும். நான் அன்னைக்கே நனைக்கச் சொன்னேனே, சேச்சி நனைக்கலியா?"

படகு பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. தெரியாமல் செய்தது பிசகு. அவள் ஊற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள் என்று தெரிந்தும் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டது என்ன கணக்கு? போதகர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, கூசாமல் சொல்லியிருக்கிறார்.

கிருபாவதி மோட்டார் ரூம் பக்கம் குத்தவைத்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"கிருபா, என் தப்புதான். நீ ஊத்துனதுதான் சரியாம். ஒன்னையப் போயி அத்தனை பேரு முன்னால..."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுக அங்கன வேன்ல ஏறிக்கிட்டு இருக்காக."

அய்யாத்துரை திரும்பிப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஈர வேட்டி காலைச் சுற்ற, விழுந்தடித்து ஓடி வேனுக்கு முன்னால் நின்றார். முத்துராஜா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, எதையும் விட்டுட்டுப் போறமா?"

"எறங்குங்க," என்றார் அய்யாத்துரை. "எல்லாரும் எறங்குங்க."