ஒட்டிக்கொண்ட வரி

கட்டம் போட்ட மென்பொருளுக்கும் வெர்லீன் டேகலுக்கும் ஏழாம் பொருத்தம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து அஞ்சல் எண்கள் எல்லாம் சைபரில் தொடங்குபவை. கட்டத்தில் திறந்து சேமித்தால் அந்தச் சைபரை அது விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அதனால் கவுன்ட்டி அலுவலகத்துப் பட்டியலை அவள் வெறும் நோட்பேடில்தான் திருத்துவாள். ஆளுக்கு ஒரு வரி. பெயர், தெரு, அஞ்சல் எண், தொலைபேசி, நடுநடுவே காற்புள்ளி. மற்றவர்களுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். அவளுக்கு மட்டும் முகங்கள் தெரியும்.

தனியாக வாழும் கிழவர் கிழவிகளின் பட்டியல் அது. கடுங்குளிர் நாட்களில் விடிந்ததும் அலுவலகத்து இயந்திரம் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பெயர் சொல்லி அழைக்கும். நலமென்றால் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஷெரீப்பின் ஆளான ரெனோ, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவான். இந்த வாரக் குளிரில் அல்சீட் மிஷோ என்ற கிழவரின் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. அணைந்துபோன ஹீட்டரைப் பார்க்க நிலவறைக்கு இறங்கியவர் படியில் விழுந்து கிடந்திருக்கிறார். பனி தள்ள வந்தவன் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விழுந்த பிறகும் ஒரு பகல் முழுக்க உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லாரும் ப்ளோய் என்ற மெல்லிய அடையில் வெண்ணெய் தடவிச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அல்சீட்டின் மகள் கொலெட் தட்டைத் தொடாமல் வெர்லீனுடைய மேலாளர் டுவெயினைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல அப்பாவுக்கு ஏன் ஃபோன் போகல?"

"மெஷின்ல தேடிப் பாத்தேம்மா. அவரு பேரே இல்ல. அவரே பேர எடுக்கச் சொல்லியிருப்பாரு. இந்த வயசுல நெறையப் பேரு அப்படித்தான், மெஷினுக்குப் பதில் சொல்றது கௌரவக் குறைச்சல்னு."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்கிட்ட சத்தியம் பண்ணாரு, லிஸ்ட்லேந்து பேர எடுக்கச் சொல்ல மாட்டேன்னு." கொலெட் பக்கத்தில் நின்ற வெர்லீனைப் பார்த்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "பாத்தியாடி? கடைசியா எங்கிட்டப் பேசினதே பொய்."

அப்பா செத்ததைவிட அதுதான் அவளை அறுத்தது. வெர்லீன் வாயிலிருந்த ப்ளோயை மென்றுகொண்டே இருந்தாள். அது இனித்ததா, கரித்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இறந்தவர்களின் வரியை நீக்குவதும் அவள் வேலைதான். மதியம் அலுவலகத்துக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்து, மிஷோ என்று தேடினாள். பெயர் இருந்தது. ஆனால் தனி வரியாக இல்லை. சிமோன் ஃபோர்ட்டினின் தொலைபேசி எண் முடிந்த இடத்தில், மூச்சுக்கூட விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. இயந்திரத்துக்கு ஒரு வரி என்றால் ஒரு ஆள். சிமோனைப் படித்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையென்று தள்ளிவிட்டிருக்கிறது.

எப்படி நடந்தது என்று அவள் யோசிக்கவே தேவைப்படவில்லை. இருவருக்கும் நடுவில் ஜெலினா என்பவரின் வரி இருந்தது. அவர் மகனோடு பேங்கர் நகரத்துக்குக் குடிபோய்விட்டார் என்று போன வாரம் அவள்தான் அதை அழித்தாள். அழித்த பிறகு மிஞ்சிய வெற்று வரியையும் எடுக்க, சிமோன் வரியின் முடிவில் கர்சரை வைத்து டெலீட்டைத் தட்டினாள். ஒரு தட்டு கூடிப்போயிருக்கிறது. கீழே இருந்தவர் மேலே ஏறி ஒட்டிக்கொண்டுவிட்டார். அன்றைக்கு அவள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இத்தனை வருடம் கண்ணும் கருத்துமாகச் சைபர்களைக் காத்தவள் ஒரு மனுஷனை விட்டுவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

விரல் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. அல்சீட்டின் பெயருக்கு முன்னால் கர்சரை வைத்து எண்டரைத் தட்டியது. அவர் கீழே இறங்கித் தன் இடத்தில் நின்றார். இப்போது அந்த வரியை முழுதாக அழிக்க வேண்டும். அழிக்க விரல் வரவில்லை.

"ஃபைல் ரெடியா வெர்லீன்? ராத்திரி மைனஸ் முப்பதாம்," என்றான் டுவெயின் கதவருகில்.

"ரெடி," என்று சொல்லி, அந்த வரியோடேயே கோப்பை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. கொலெட். அப்பாவின் வீட்டை ஒழிக்க அங்கேயே தங்கியிருந்தாள்.

"வெர்லீன், இப்ப ஒரு ஃபோன் வந்துச்சுடி. அப்பா பேரச் சொல்லி, நல்லா இருந்தா ஒண்ண அழுத்துங்குது. பேர எடுக்கச் சொல்லிட்டாருன்னு டுவெயின் சொன்னானே?"

"எடுக்கச் சொல்லல. எங்கிட்ட அவரு எதுவுமே சொல்லல. நாந்தான் பக்கத்து வரிய அழிக்கறப்போ அவர மேல் வரியோட ஒட்டிட்டேன். நேத்துதான் பாத்தேன்."



"அப்போ அவரு பொய் சொல்லல."

"சொல்லல."

"ஏன்டி நேத்தே சொல்லல?"

வெர்லீன் பாதி கழற்றிய கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த மெஷின் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு," என்றாள் கொலெட். "நான் எத அழுத்துவேன்? எதையும் அழுத்தாம வெச்சுட்டேன்."

அப்படியானால் அடுத்து என்ன நடக்கும் என்று வெர்லீனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் தொலைபேசிக்குள்ளிருந்து நாய் குரைப்பும், பனியில் டயர் நெரியும் சத்தமும், கதவைத் தட்டும் சத்தமும் வந்தன. "மிஸ்டர் மிஷோ? உள்ள இருக்கீங்களா?" என்று ஒரு குரல். லீவிலிருந்து அன்றுதான் திரும்பியதால் சாவுச் செய்தியே தெரியாத ரெனோவின் குரல்.

"வந்துட்டான்டி," என்றாள் கொலெட். "அதுக்குள்ள வந்துட்டான்."

தட்டும் சத்தம் நிற்கவில்லை. வெர்லீன் ரிசீவரை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.